கலிங்கில் கட்டிய வலை

ஏரிக்கரை எப்படி உடைகிறது என்று எட்டாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர், "தண்ணி தள்ளித் தள்ளிக் கரை சாய்ஞ்சிடும் டீச்சர்" என்பார்கள். சுவர் சாய்வதைப் பார்த்த பழக்கத்தில் வரும் பதில் அது. ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தம் கூடும் என்று நாம்தான் பாடம் நடத்தியிருக்கிறோம். பிள்ளைகள் அதைப் பொருத்திப் பார்க்கிறார்கள். ஆனால் மண் கரை பெரும்பாலும் அப்படி உடைவதில்லை. அடி அகலமாக, இருபுறமும் சரிவாகப் போட்ட மண்ணைத் தண்ணீர் தள்ளிச் சாய்ப்பது அரிது. கரைக்கு மேலே ஏறி வழிந்து அரித்தோ, கரைக்குள்ளே கசிந்து வழி செய்துகொண்டோதான் தண்ணீர் அதை உடைக்கிறது.

இந்த ஒரு வேறுபாட்டுக்காக நான் மூன்று பாடவேளைகளும் ஒரு சனிக்கிழமைக் காலையும் செலவிட்டேன். எங்கள் பகுதிக்கு அது வீண் செலவு அல்ல. வரதராஜன்பேட்டையைச் சுற்றி முந்திரிக்காடும் செம்மண்ணும்தான். வெள்ளாறு வடக்கே, கொள்ளிடம் தெற்கே. நடுவில் இருக்கும் ஊர்களுக்கு மழைத்தண்ணீரைத் தேக்கும் ஏரியும் குளமுமே ஆதாரம். பக்கத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம் இன்றும் பொன்னேரி என்ற பெயரில் இருக்கிறது. நீரால் ஆன வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதைச் சொல்கிறது. ஆயிரம் ஆண்டுகளாக மண் கரையை நம்பி வாழ்ந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கரையின் இயல்பு தெரியாமல் இருக்கலாமா?

முதல் பாடவேளையில் சோதனை. பழைய ஃபிரிட்ஜில் காய்கறி வைக்கும் பிளாஸ்டிக் பெட்டிகள் இரண்டு கிடைத்தன. ஒரு முனையில் துளையிட்டு, மறுமுனைக்கு அடியில் செங்கல் வைத்துச் சாய்த்துக்கொண்டோம். நடுவே குறுக்காக ஈரச் செம்மண்ணால் ஒரு சாண் உயரத்தில் கரை. அதைக் கையால் தட்டித் தட்டி இறுக்க வேண்டும். கரையின் ஓர் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மண்ணை வெட்டித் தாழ்த்தி, மண் அரிக்காதபடி பாலிதீன் துண்டு ஒன்றை விரித்தோம். அதுதான் கலிங்கு. ஏரி நிறைந்தபின் வரும் மிகைநீர் கரைக்குச் சேதமில்லாமல் வெளியேறும் இடம். பாசனத்துக்குத் திறக்கும் மதகு வேறு, கலிங்கு வேறு என்பதை இங்கேயே சொல்லிவிடுங்கள். நிறைய பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள்.

இரண்டு பெட்டியிலும் ஒரே மாதிரிக் கரை, ஒரே மாதிரிக் கலிங்கு. ஒன்றில் மட்டும் கலிங்கின் குறுக்கே கொசுவலைத் துண்டு ஒன்றைக் குச்சியில் கட்டி நட்டோம். இரண்டு பெட்டித் தண்ணீரிலும் ஒரு கைப்பிடி வேப்பிலைச் சருகு போட்டோம். பிறகு இரண்டு மாணவர்கள் ஒரே அளவுக் குவளையால் ஒரே வேகத்தில் ஊற்றத் தொடங்கினார்கள்.

வலை இல்லாத பெட்டியில் சருகு தண்ணீரோடு போய்விட்டது. கரை நின்றது. வலை கட்டிய பெட்டியில் சருகு வலையில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் மட்டம் ஏறியது. கரையின் நடுவில் கொஞ்சம் பள்ளமான இடத்தில் மெல்லிய கண்ணாடிபோல் வழிந்தது. சில நொடிகள் ஒன்றும் ஆகவில்லை. "ஒண்ணும் ஆகல டீச்சர்" என்று ஒருவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்சரிவில் ஒரு கோடு விழுந்தது.

கோடு எங்கே தொடங்கியது என்பதை எழுதச் சொல்லுங்கள். கரையின் உச்சியில் அல்ல. பின்பக்கச் சரிவின் கீழ்ப்பகுதியில், வழிந்த நீர் வேகம் பிடிக்கும் இடத்தில். அங்கே குழி விழுந்து, அது படிபடியாக மேல்நோக்கிப் பின்வாங்கி, உச்சியைத் தொட்ட அடுத்த கணம் கரை பிளந்துவிடும். அதற்கு முன் உள்ள நிமிடங்களில், ஏரியின் பக்கம் நின்று பார்ப்பவருக்குக் கரை நன்றாக இருப்பதாகவே தோன்றும். ஆபத்து இருப்பது அவருக்குத் தெரியாத பக்கத்தில். எங்கள் வகுப்பில் பெட்டியைச் சுற்றி நின்றவர்களில், ஏரிப் பக்கம் இருந்தவர்களும் பின்பக்கம் இருந்தவர்களும் எழுதிய குறிப்புகள் வேறுவேறாக இருந்தன. அதையே பலகையில் இரண்டு பத்தியாக எழுதிப்போட்டேன்.

இரண்டாம் பாடவேளையில் ஒரு கதை சொன்னேன். நடந்த கதை. நடந்த இடம் நமக்கு வெகுதூரம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம். ஆனால் நாங்கள் பெட்டியில் செய்த அதே சோதனை அங்கே பெரிய அளவில் நடந்திருக்கிறது. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

சவுத் ஃபோர்க் என்னும் இடத்தில் 1838-ல் தொடங்கி 1853-ல் ஒரு மண் அணையைக் கட்டி முடித்தது மாநில அரசு. உயரம் 72 அடி, நீளம் ஏறத்தாழ 930 அடி. படகுப் போக்குவரத்துக் கால்வாய்க்குக் கோடையில் தண்ணீர் விடுவதற்காகக் கட்டியது. ரயில் வந்ததும் கால்வாய்க்கு வேலை இல்லாமல் போயிற்று. 1857-ல் ஒரு ரயில் நிறுவனம் வாங்கியது. 1862-ல் அணையில் ஒருமுறை உடைப்பு ஏற்பட்டது. ஏரியில் தண்ணீர் குறைவாக இருந்ததால் பெரிய சேதமில்லை. பிறகு பல ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. 1875-ல் அதை வாங்கிய தனிமனிதர் ஒருவர், அணையின் அடியில் இருந்த ஐந்து வார்ப்பிரும்புக் குழாய்களையும் எடுத்துப் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிட்டார். அந்தக் குழாய்கள்தான் ஏரியின் மட்டத்தைக் குறைக்க இருந்த ஒரே வழி. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், மதகைப் பிடுங்கி விற்றுவிட்டார்.

1879-ல் அது ஒரு மீன்பிடி, வேட்டை மன்றத்தின் கைக்கு வந்தது. பிட்ஸ்பர்க் நகரத்துச் செல்வந்தர்கள் கோடைக்கு வந்து தங்க, படகு விட, தூண்டில் போட உருவாக்கிய மன்றம். எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னெகி, ஹென்றி ஃபிரிக் போன்றவர்கள் உறுப்பினர்கள். பொழுதுபோக்குக்காக ஏரி வைத்துக்கொள்வதில் தவறில்லை. நம் கொடைக்கானல் ஏரியும் இயற்கையாக அமைந்ததல்ல. மதுரை ஆட்சியராக இருந்த வேரே ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடைகளை மறித்துக் கரை கட்டி உண்டாக்கியதுதான். கேள்வி, கரையை என்ன செய்தார்கள் என்பது.

மன்றத்தார் செய்தவை நான்கு. உடைப்பை மண், புதர், வைக்கோல், குதிரைச் சாணம் என்று கிடைத்ததைப் போட்டு அடைத்தார்கள். அதை மேற்பார்க்கத் தகுதியான பொறியாளர் இல்லை. எடுக்கப்பட்ட குழாய்களை மீண்டும் பதிக்கவில்லை. கரைமேல் இரண்டு குதிரை வண்டிகள் எதிரெதிரே போக அகலம் வேண்டும் என்று கரையின் உச்சியைச் சில அடி வெட்டித் தாழ்த்தினார்கள். ஏரியில் விட்ட மீன்கள் வெளியே போய்விடக் கூடாது என்று கலிங்கின் குறுக்கே இரும்புக் கம்பித் தடுப்பு வைத்தார்கள்.

நான்காவதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு சத்தம் எழுந்தது. கொசுவலை நினைவு வந்துவிட்டது.

கீழே பள்ளத்தாக்கில் 14 மைல் தள்ளி ஜான்ஸ்டவுன். இரும்பாலைத் தொழிலாளர்கள் நெருக்கமாக வாழ்ந்த நகரம். அந்த ஆலையின் தலைவர் டேனியல் மோரல் 1880-ல் ஒரு பொறியாளரை அனுப்பி அணையைப் பார்க்கச் சொன்னார். தண்ணீரை வெளியேற்றக் குழாய் இல்லை, பழுதுபார்த்த இடத்தில் கசிவு இருக்கிறது என்று அவர் எழுதினார். ஆலை செலவில் பங்கேற்கத் தயார் என்றும் மோரல் சொன்னார். உங்களுக்கு எங்களால் ஆபத்தில்லை என்று மன்றத்திடமிருந்து பதில் வந்தது. இந்த இடத்தில் கதையை நிறுத்தி, மோரலின் இடத்தில் நீங்கள் இருந்தால் அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்கலாம். எங்கள் வகுப்பில் வந்த விடைகள்: கலெக்டரிடம் மனு, டிவியில் சொல்வது, ஊரைக் காலிசெய்வது. உண்மையில் மோரல் மன்றத்தில் உறுப்பினராகச் சேர்ந்தார், 1885-ல் இறந்துபோனார்.

1889 மே 30 இரவிலிருந்து கடும் மழை. 31 காலையில் மன்றத் தலைவர் இலையஸ் அங்கர் எழுந்து பார்த்தபோது தண்ணீர் கரையின் உச்சியை நெருங்கியிருந்தது. கூலியாட்களைக் கொண்டு கரையை உயர்த்தப் பார்த்தார்கள். மறுமுனையில் புதிய வடிகால் வெட்டப் பார்த்தார்கள், அடியில் பாறை. மீன் தடுப்பில் கிளையும் சருகும் அடைத்துக்கொண்டிருந்தன. அவற்றை அகற்ற முயன்றும் பலனில்லை. கரையின் நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்திருந்ததால், வழிதல் மிகப் பலவீனமான இடத்தில் நடந்தது. பிற்பகல் 3 மணியை ஒட்டிக் கரை போயிற்று. 4.07-க்குத் தண்ணீர் ஜான்ஸ்டவுனில். இறந்தவர்கள் 2,209 பேர். அதில் 396 பேர் குழந்தைகள். எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள் யார் என்றே அடையாளம் தெரியவில்லை.

எண்களைப் படித்துவிட்டு நான் சற்று நேரம் பேசவில்லை. பிள்ளைகளும் பேசவில்லை. இது போன்ற பாடத்தில் அந்த அமைதிக்கு இடம் விடுவது நல்லது. அடுத்த நிமிடமே வினாத்தாளுக்குத் தாவ வேண்டியதில்லை.

கணக்கு ஆசிரியரோடு சேர்ந்து எடுத்தால் இந்தக் கதையில் நிறைய வேலை இருக்கிறது. கரை உடைந்ததாகப் பதிவான நேரங்களில் ஒன்று 3.10. அதை எடுத்துக்கொண்டால், 14 மைல், அதாவது ஏறத்தாழ 22.5 கி.மீ. தூரத்தைத் தண்ணீர் 57 நிமிடத்தில் கடந்திருக்கிறது. மணிக்கு 24 கி.மீ. அளவு. "சைக்கிள் வேகம்தானே டீச்சர், ஓடித் தப்பிக்கலாமே" என்றாள் ஒரு மாணவி. நொடிக்கு எவ்வளவு என்று கணக்கிடச் சொன்னேன்: 6.6 மீட்டர். மைதானத்தில் 100 மீட்டர் அளந்து, 15 நொடியில் யார் ஓடுவார் என்று பார்த்தோம். இரண்டு பேர் ஓடினார்கள். அதே வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட முடியுமா, பாட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா என்று அவளே அடுத்துக் கேட்டுவிட்டாள். இது சராசரி வேகம். வழியில் ஒரு கல் பாலத்தில் தண்ணீர் தடைபட்டு நின்று மறுபடி பாய்ந்தது, செங்குத்தான இடங்களில் இதைவிட மிக வேகம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு இன்னொன்று. கலிங்கின் வழியே போகும் நீரின் அளவு, அதன்மேல் நிற்கும் நீரின் ஆழத்துக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. ஆழத்தின் கனத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் வரும் எண்ணின் விகிதத்தில் கூடுகிறது. ஆழம் 3 என்றால் கனம் 27, வர்க்கமூலம் ஏறக்குறைய 5.2. ஆழம் 2 என்றால் கனம் 8, வர்க்கமூலம் ஏறக்குறைய 2.8. கரையின் உச்சியை வெட்டித் தாழ்த்தினால், கலிங்கில் எட்டக்கூடிய அதிகபட்ச ஆழமும் குறைகிறது. ஆழம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் கலிங்கின் திறன் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. வண்டிப்பாதைக்காக எடுத்த சில அடி மண்ணின் விலை இது.

அமெரிக்கப் பொறியாளர் சங்கம் அமைத்த குழு 1891-ல் வெளியிட்ட அறிக்கையில், அணை பழைய அளவிலேயே இருந்திருந்தாலும் அந்த மழைக்கு உடைந்திருக்கும் என்றது. நூற்றாண்டுக்குப் பின் புதிதாக அளந்து கணக்கிட்ட ஆய்வாளர்கள் 2016-ல் அதை மறுத்தார்கள். உச்சியைத் தாழ்த்தியிருக்காவிட்டால் மிகைநீர் வெளியேற வழி இருந்திருக்கும் என்றார்கள். ஏரியில் இருந்ததாக வழக்கமாகச் சொல்லப்படும் 2 கோடி டன் நீரையும் ஏறக்குறைய 1.45 கோடி கன மீட்டர் என்று திருத்தினார்கள். அறிவியலில் முடிவு எப்படி மாறுகிறது என்பதற்கு உயர்வகுப்பில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

பெரிய அணைக்குத்தானே இந்தக் கவலை என்று யாராவது கேட்டால், ஜார்ஜியா மாநிலத்தின் கெல்லி பார்ன்ஸ் அணையைச் சொல்லலாம். ஏறத்தாழ 40 அடி உயரம்தான். ஒரு கல்வி நிறுவனத்துக்குச் சொந்தம். மின்சாரம் எடுப்பதை 1957-ல் நிறுத்திய பின் பொழுதுபோக்கு ஏரியாக மட்டுமே இருந்தது. 1977 நவம்பர் 6 அதிகாலை 1.30 மணியளவில், நாலைந்து நாள் மழைக்குப் பின் உடைந்து, கீழே கல்லூரி வளாகத்தில் உறங்கிக்கொண்டிருந்தவர்களில் 39 பேர் இறந்தார்கள். அங்கே கரை மேலே வழிந்து உடையவில்லை. பின்சரிவு சரிந்ததும் உள்கசிவும் காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. இரண்டாம் வகை உடைப்பு.

சவுத் ஃபோர்க் மன்றம் எந்த நீதிமன்றத்திலும் பொறுப்பாக்கப்படவில்லை. இதைக் கேட்டதும் பிள்ளைகளுக்குக் கோபம். சமூக அறிவியல் ஆசிரியர் இந்தக் கோபத்தைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். நம் பக்கத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது. அன்றைய சென்னை மாகாணத்துக் கார்வேட்டிநகர் ஜமீனில் இரண்டு ஏரிகள் வெள்ளத்தில் உடைந்து ரயில்பாதையை அடித்துச் சென்றன. மெட்ராஸ் ரயில்வே நிறுவனம் ஜமீன்தார்மீது வழக்குப் போட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான், 1868-ல், இங்கிலாந்தில் ரைலண்ட்ஸ் என்பவரின் ஆலைக்குக் கட்டிய நீர்த்தேக்கம் பக்கத்துச் சுரங்கத்தை மூழ்கடித்த வழக்கில், ஆபத்தானதைத் தன் நிலத்தில் சேர்த்து வைப்பவர், கவனக்குறைவு இல்லாவிட்டாலும் பொறுப்பு என்று தீர்ப்பாகியிருந்தது. ரயில்வே அதைக் காட்டியது. 1874-ல் பிரிவி கவுன்சில் ஏற்கவில்லை. இந்த ஏரிகள் தொன்றுதொட்டு மக்களின் பாசனத்துக்காக இருப்பவை, அவற்றைப் பராமரிப்பது ஜமீன்தாரின் கடமை, கவனக்குறைவு இருந்தால் மட்டுமே அவர் பொறுப்பு என்றது.

ஊரே பிழைக்க இருக்கும் ஏரிக்கும், சிலர் மகிழ இருக்கும் ஏரிக்கும் ஒரே சட்டம் பொருந்துமா? பத்தாம் வகுப்பில் இரு அணியாகப் பிரித்து விவாதிக்க வைத்தேன். "செத்தவங்களுக்கு ஏரி எதுக்குக் கட்டினதுன்னா என்ன டீச்சர்?" என்று ஒரு மாணவன் கேட்டதோடு மணி அடித்துவிட்டது. நம் நாட்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021-ல் வந்தது. 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சிலவற்றுக்குமே அது பொருந்தும். எங்கள் ஊர் ஏரிக்கரைகள் அந்தக் கணக்கில் வருவதில்லை.

சனிக்கிழமை காலை அப்படி ஓர் ஏரிக்குப் போனோம். பெயர் வேண்டாம். தலைமையாசிரியரின் எழுத்துப்பூர்வ அனுமதி, பெற்றோர் ஒப்புதல், கூட இரண்டு ஆசிரியர்கள், தண்ணீர் குறைவான ஆவணி மாதம். யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்பது முதல் விதி. முன்பு அந்த ஏரியின் மதகைத் திறந்து மூடும் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் வந்தார். பின்சரிவில் ஓரிடத்தைக் காட்டி, "பாரு டீச்சரம்மா, இங்க கரை வேர்க்கும். தெளிஞ்ச தண்ணியா வேர்த்தா பயமில்ல. கலங்கலா வந்துச்சுன்னா மண்ணைத் தூக்கிட்டு வருதுன்னு அர்த்தம், அப்ப வீட்டுக்குப் போகக் கூடாது" என்றார். உள்ளரிப்பைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

கலிங்குக்குப் போனபோது குறுக்கே நைலான் வலை. மணல் மூட்டை இரண்டு வரிசை. வலையில் பிளாஸ்டிக் பாட்டில், தென்னஞ்சிரட்டை, போன மழையின் சருகு.

யாரும் பேசவில்லை. பிறகு ஒருவன் மட்டும், "எங்கப்பா கட்டினது டீச்சர்" என்றான். மீன் குத்தகை அவன் குடும்பத்துடையது. "வலை இல்லன்னா மழைக்கு மீனெல்லாம் போயிடும். குத்தகைப் பணம் கட்டியாச்சு." அவன் தலை குனியவில்லை, குனிய வைக்க நானும் விரும்பவில்லை. கோடீசுவரர்களின் மன்றத்தையும் கடன் வாங்கிக் குஞ்சு விட்ட குடும்பத்தையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம். ஆனால் தண்ணீருக்கு அந்த வேறுபாடு தெரியாது. இரண்டையும் அவனிடம் சொன்னேன்.

பெரியவர்தான் வழி சொன்னார். "தம்பி, வலையைக் கலிங்கு வாயிலே கட்டாதே. உள்ளே தள்ளி, இருபது முப்பது அடி முன்னால, வளைச்சு அகலமாக் கட்டு. சருகு ஒரே இடத்துல அடைக்காது. மழை வலுத்தா அவுத்துடு, நூறு மீன் போனாப் போகட்டும்." மூட்டையை மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தண்ணீரைக் கூடுதலாக நிறுத்த வைத்தது அது. கரையின் உயரத்தைக் குறைப்பதும் கலிங்கின் உயரத்தைக் கூட்டுவதும் ஒன்றுதான் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். அடுத்த வாரம் அந்த மாணவனின் அப்பா பள்ளிக்கு வந்து, கொசுவலைப் பெட்டியைத் தானும் பார்க்க வேண்டும் என்றார். மறுபடி மண் குழைத்துச் செய்து காட்டினோம். ஊற்றியது அவர் மகன்தான். வலையை அவர் உள்ளே தள்ளிக் கட்டினார். மூட்டையை எடுக்க ஊரில் இன்னும் நாலு பேரிடம் பேச வேண்டியிருந்தது.

கரையின் மட்டத்தையும் அளந்தோம். கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர் டியூப் ஒன்றே போதும். பத்தடிக்கு ஒரு குச்சி நட்டு, டியூபின் நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டே போனார்கள். மாடும் டிராக்டரும் ஏறி இறங்கும் நடு இடத்தில், கரை ஓரங்களைவிட ஒரு சாண் நான்கு விரல் தாழ்ந்திருந்தது. வரைபடத்தாளில் அந்தக் கோட்டை வரைந்து, மனுவோடு இணைத்து, பெற்றோர் சிலர் போய் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்தார்கள். ஐப்பசி பிறக்கும் முன் இரண்டு டிராக்டர் கிராவல் வந்து இறங்கியது. மண்ணைக் கொட்டிவிட்டு இறுக்காமல் போய்விட்டார்கள் என்று பிள்ளைகள் வந்து முறையிட்டிருக்கிறார்கள். டியூபை எடுத்துக்கொண்டு மறுபடியும் போக வேண்டும்.